மிஸ்ஸியின் காதுக்கு ஏற்ற இஞ்சின்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதிரி விமானங்கள் பறக்கவிடும் திடலுக்குப் போயிருந்தேன். தூரத்தில் ஒரு விமானம் தரையில் நின்று உறுமிக்கொண்டிருந்தது. சத்தத்தைக் கேட்டதுமே ஃபோர் ஸ்ட்ரோக் என்று தெரிந்துவிட்டது. அடக்கமான, கனத்த குரல். வால்வு இடைவெளி சரி, எரிபொருள் ஊசி சரியான இடத்தில் நிற்கிறது, யாரோ விவரம் தெரிந்த ஆள் என்று கை குலுக்கக் கிட்டே போனேன். விமானத்தின் வயிற்றில் ஒரு ஸ்பீக்கர் இருந்தது. ஓடுவது பேட்டரி மோட்டார். சத்தம் மட்டும்தான் ஃபோர் ஸ்ட்ரோக். "சவுண்டு ஓகேவா அங்கிள்? வேற இஞ்சின் சத்தமும் இருக்கு, வேணும்னா மாத்திக் காட்டவா?" என்றார் அதன் சொந்தக்காரர் விக்னேஷ். சிங்கப்பூரில் கணினி வேலை பார்ப்பவர்.

நல்லா இருக்கு என்றேன். உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. வேலைக்காலம் முழுக்க ஊசியைத் திருகித் திருகி நான் வரவழைத்த குரலை அவர் ஒரு பொத்தானில் வரவழைத்துவிட்டார், அதுவும் எண்ணெய் துப்பாமல். அந்தக் காலம் மாதிரி வருமா என்று இங்கே நான் மூக்கைச் சிந்தப் போவதில்லை. அந்தக் காலத்து எரிபொருளில் கலந்த விளக்கெண்ணெயின் கறை இன்னும் என் சட்டைகளில் இருக்கிறது. மீதியை என் மனைவியிடம் கேட்டால் சொல்வாள்.

விக்னேஷ் அதோடு விடவில்லை. அவருடைய மாமா அலமாரியில் கிடந்த நிஜமான ஃபோர் ஸ்ட்ரோக் ஒன்றை அவர் தலையில் கட்டிவிட்டாராம். இந்த இஞ்சினை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படி ஓட்டுவது என்று கிளப்பின் வாட்ஸ்அப் குழுவில் எழுதச் சொன்னார். "ஷார்ட்டா போதும் அங்கிள். ரெண்டு லைன்." இரண்டு வரியில் முடிகிற வேலைக்கா ஒரு மனிதன் தலைமுடியைக் கொடுப்பான்? முழுதாகவே எழுதுகிறேன். படிக்க நேரமில்லாதவர்கள் கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு நகர்ந்துகொள்ளலாம்.

நான் வேலை பார்த்தது ஜொகூர் பாருவில் ஷாகுல் பாயின் மாதிரி விமானக் கடையில். அதற்கு முன் மோட்டார் சைக்கிள் பட்டறையில் இருந்தேன். வால்வும் பிஸ்டனும் அங்கே பழகியவை. பாயின் சொந்தக்காரர்கள் எல்லாரும் உணவகம், துணிக்கடை என்று மக்களின் வயிற்றையும் மானத்தையும் காக்கிற தொழிலில் இருந்தார்கள். இவர் மட்டும் தலை நரைத்தவர்களுக்குப் பொம்மை விற்றார். என்னைச் சேர்த்துக்கொண்ட அன்று ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "செல்வம், இஞ்சின் ரிப்பேர் பண்றது ஈசி. அத வாங்குன ஆளத்தான் ரிப்பேர் பண்ண முடியாது. அவன்கிட்ட மரியாதையா பேசு."

டூ ஸ்ட்ரோக் இஞ்சின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடி வெடிக்கும். அதனால் காதுக்குள் கொசு புகுந்த மாதிரி கத்தும். ஃபோர் ஸ்ட்ரோக் இழுக்கும், அமுக்கும், வெடிக்கும், துப்பும். இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிதான். குரல் நிதானமாக இருக்கும். எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் இஞ்சின் வாங்க வரவில்லை, இந்தக் குரலை வாங்க வந்தார்கள். வீட்டில் தங்கள் குரல் எடுபடாதவர்கள்தான் பெரிய இஞ்சினாகப் பார்ப்பார்கள் என்பது என் நீண்டநாள் கவனிப்பு.

பாய் உடனே எடுத்துக் கொடுத்துவிட மாட்டார். விமானம் எவ்வளவு கனம் என்று கேட்பார். டூ ஸ்ட்ரோக் போடுகிற விமானத்தில் ஃபோர் ஸ்ட்ரோக் போட்டால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பெரிய அளவு வேண்டும். அது பெரிய புரொப்பெலரை மெதுவாகச் சுற்றும், ஆகவே புரொப்பெலர் புல்லில் இடிக்காத அளவுக்குச் சக்கரம் உயரமா என்று கேட்பார். கடைசியில் தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டு, "சட்டுனு கோவம் வருமா உங்களுக்கு?" என்பார். வரும் என்று ஒப்புக்கொண்டவருக்கு டூ ஸ்ட்ரோக்கைக் காட்டுவார். வரவே வராது என்று மேசையைத் தட்டிச் சொன்னவருக்கும் அதையேதான் காட்டுவார்.

இனி ஓட்டுகிற முறை. விக்னேஷ், இந்த இடத்தைத் தாவாமல் படியுங்கள். இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வால்வு இடைவெளியைத் தகட்டளவு வைத்துப் பாருங்கள். மெல்லிய தகடு லேசான பிடியோடு போய்வர வேண்டும். புது இஞ்சின் என்றால் முதலில் எரிபொருளைத் தாராளமாக விட்டு, புகையும் எண்ணெயும் கக்க ஓடவிடுங்கள். பிறகு ஊசியைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடினால் வேகம் ஏறும், ஏறும், ஓரிடத்தில் நின்றுவிடும். எல்லாரும் அங்கேயே விட்டுவிட்டு ஆகாயத்துக்கு அனுப்புவார்கள். அனுப்பக் கூடாது. வேகம் காதால் கேட்கிற அளவுக்கு லேசாகக் குறையும் வரை ஊசியைத் திரும்பத் திறக்க வேண்டும். பிறகு விமானத்தைப் பிடித்து மூக்கை வானம் பார்க்கத் தூக்கிப் பார்க்க வேண்டும். அப்போதும் குரல் தளரக் கூடாது.

எரிபொருள் பற்றாமல் ஓடினால் ஃபோர் ஸ்ட்ரோக் சூடேறி, நேரம் கெட்ட நேரத்தில் வெடித்து, பின்பக்கம் ஓர் உதை உதைக்கும். அந்த உதையில் புரொப்பெலர் கழன்று தன் வழியைப் பார்த்துக்கொண்டு போய்விடும். அதனால்தான் முன்னால் இரட்டை நட்டு. ஓட்டி முடித்ததும் மிச்ச எரிபொருளை எரித்துத் தீர்த்துவிட்டு, மூச்சுக்குழாய் வழியாக உள்ளே எண்ணெய் விட வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் இதை மறந்தவர்களின் பேரிங் துருப்பிடித்து, அடுத்த வாரம் ஆட்டுக்கல் மாதிரி அரைக்கும்.

பாய் இதையெல்லாம் விளக்க மாட்டார். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "பசிக்குது இதுக்கு" என்றால் ஊசியைத் திற என்று அர்த்தம். "மூக்கு முட்டத் தின்னுருக்கு" என்றால் மூடு.

அப்போது எங்கள் கிளப் பறக்கவிட்டது பெக்கோக் பக்கம், ஓர் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் இருந்த காலித் திடலில். ஜொகூர் பாருவில் கொஞ்சம் தரை காலியாகத் தெரிந்தாலும் அங்கே வீடமைப்புத் திட்டம் வந்துவிடும். ஆகவே கொஞ்ச நேரம் பறக்கவிட்டுப் பார்க்க அரை நாள் கார் ஓட்டிக்கொண்டு போவோம். தோட்ட மேனேஜர் ஹாலிம், மலாய் மரியாதையில் என்சிக் ஹாலிம், நல்ல மனிதர். ஒரே ஒரு நிபந்தனையோடு இடம் கொடுத்தார்: பக்கத்தில் குடியிருப்பவர்கள் புகார் சொல்லக் கூடாது. பக்கத்தில் இருந்தது ஒரே ஒரு வீடு. அதில் இருந்தவர் மேரி மிஸ்ஸி. வேலை ஓய்வு பெற்ற தாதி, தாதிகளை இங்கே மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம்; ஆஸ்பத்திரியில் வார்டையே கண்ணசைவில் அமைதியாக வைத்திருந்தவர் என்று பெயர். அவருடைய கணவர் பக்கவாதம் வந்து ஜன்னலோரம் படுத்த படுக்கையாக இருந்தார்.

மிஸ்ஸி புகார் சொல்லிவிட்டார். டூ ஸ்ட்ரோக்குகள் கத்துகிற கத்தலில் நோயாளி மனுஷர் எப்படிப் படுத்திருப்பார் என்று கேட்டாராம். நியாயமான கேள்வி. என்சிக் ஹாலிம் கெடு வைத்துவிட்டார்: தீபாவளி கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மிஸ்ஸியையே திடலுக்கு அழைத்து வருவேன், அவர் தலையாட்டினால் இருங்கள், இல்லாவிட்டால் மூட்டை கட்டுங்கள். திடல் போனால் கிளப் இல்லை. கிளப் இல்லாவிட்டால் பாய்க்குக் கடை இல்லை. கடை இல்லாவிட்டால் நான் மறுபடி மோட்டார் சைக்கிளுக்கு அடியில் படுக்க வேண்டியதுதான்.

கிளப் தலைவர் துரைராஜ் அவசரக் கூட்டம் போட்டார். இன்சூரன்ஸ் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், பத்து பாகாட் ஊர்க்காரர், பேச்சில் மன்னர். தன் தவறு என்று எதையும் ஆயுளில் ஒப்புக்கொண்டதில்லை. விமானம் மரத்தில் மோதினால் மரத்தை நட்டவனைத் திட்டுவார். கூட்டத்தில் தேநீர் தாமதமானது பற்றி நீண்ட விவாதம் நடந்தது. பிறகு இஞ்சின் பற்றிச் சுருக்கமாக முடிவெடுத்தார்கள்: இனி எல்லாரும் ஃபோர் ஸ்ட்ரோக். பாய் முகத்தில் அன்று ஒரு சிரிப்பு இருந்தது, ஆனால் அதை அவர் கைக்குட்டையால் மறைத்துக்கொண்டார்.

எல்லாருடைய இஞ்சினும் வழிக்கு வந்தது, துரைராஜுடையதைத் தவிர. கிளப்பிலேயே பெரிய இஞ்சின் அதுதான், இரட்டை இறக்கை விமானத்தில் பூட்டியது. கடை மேடையில் பூட்டி ஓட்டினால் தாலாட்டுப் பாடும். திடலுக்குப் போனால் கொஞ்ச நேரம் ஒழுங்காகப் பறந்துவிட்டு, நடுவானில் திணறி, ஓர் உதை உதைத்து நின்றுவிடும். இரண்டு முறை புரொப்பெலரைக் கழற்றி வீசியது. ஒன்று பனைமரங்களுக்குள் போய்விட்டது, இன்னொன்றை மிஸ்ஸி வீட்டு வேலியில் இருந்து எடுத்தோம்.

வால்வைப் பார்த்தேன், சரி. குளோ பிளக்கை மாற்றினேன். புது எரிபொருள் ஊற்றினேன். பேரிங்கைக் கழற்றி, கழுவி, பூட்டினேன். ஒவ்வொரு வாரமும் கடையில் தேன் மாதிரி ஓடும், திடலில் மானத்தை வாங்கும். "தம்பி செல்வம், கடைக்குள்ள எல்லாம் சரியாதான் இருக்கு. உங்க கைதான் திடல்ல சரியில்ல" என்பார் துரைராஜ். கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கடைசியில் பாயே வந்தார். வாடிக்கையாக அவர் திடலுக்கு வருவதில்லை, வெயில் ஒத்துக்கொள்ளாது. நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடி, துரைராஜின் இஞ்சினைக் கேட்டார். பசிக்குது என்று சொல்லவில்லை. முட்டத் தின்னுருக்கு என்றும் சொல்லவில்லை. "இது மூக்கப் பொத்திக்கிட்டு ஓடுது" என்றார். எழுந்து போய் சைலன்சர் வாய்க்கு நேரே கையைக் காட்டினார். பிறகு என்னைக் கூப்பிட்டார். நானும் கையைக் காட்டினேன். வர வேண்டிய காற்றில் பாதிகூட வரவில்லை.

சைலன்சரைக் கழற்றித் தட்டினேன். உள்ளே இருந்து பாத்திரம் தேய்க்கிற கம்பி நார் கருகிப்போய் உருண்டை உருண்டையாக விழுந்தது. சத்தம் இன்னும் குறையட்டும் என்று துரைராஜே வீட்டு அடுப்படியில் இருந்து எடுத்து வந்து திணித்திருக்கிறார். மிஸ்ஸி பயம். அடைப்பினால் சைலன்சரில் இருந்து எரிபொருள் தொட்டிக்குப் போகிற அழுத்தம் ஏறும். எரிபொருள் அதிகமாக வரும். உடனே இவர் ஊசியை மூடுவார். ஆகாயத்தில் நார் கருகி வழி விட்டதும் அழுத்தம் இறங்கிவிடும். இஞ்சின் பட்டினி கிடந்து, சூடேறி, உதைக்கும். கடை மேடையில் நான் கடையின் சைலன்சரையும் கடையின் தொட்டியையும் பூட்டித்தானே ஓட்டினேன்? அதனால்தான் அங்கே நோயே தெரியவில்லை.

"அலமாக், இது எப்படி உள்ள போச்சு?" என்றார் துரைராஜ்.

"தெரியலியே அண்ணே, எலியா இருக்கும்" என்றார் பாய். வாடிக்கையாளரிடம் மரியாதையாகப் பேச வேண்டும் என்பது அவருடைய கொள்கை அல்லவா?

அதற்குப் பிறகு திடல் திடலாக இல்லை, பூங்காவாக இருந்தது. அத்தனை இஞ்சினும் மெல்லிய குரலில் ஓடின. கெடு நாளுக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது, எனக்கு வயிறு நிறையச் சாப்பாடு இறங்கியது. அப்போதுதான் என்சிக் ஹாலிமின் தொலைபேசி வந்தது: மிஸ்ஸி மறுபடியும் கூப்பிட்டாராம். போன ஞாயிற்றுக்கிழமையில் இருந்து மனம் சரியில்லை, நேரில்தான் பேசுவேன் என்றாராம். கோபமாக இருக்கிறார், தயாராக இருங்கள் என்று எச்சரித்தார்.

இதற்கு மேல் எந்த இஞ்சினை எங்கே கொண்டுபோய் அமைதியாக்குவது? பாய்தான் வேலியோரத்து ரம்புத்தான் மரத்தை நினைவுபடுத்தினார். நாங்கள் நிழலுக்கு நிற்பது அதன் கீழேதான். அந்த மரத்துக்கு அந்தப் பக்கம் மிஸ்ஸி வீட்டு ஜன்னல். "டூ ஸ்ட்ரோக் ஓடறப்ப நீங்கள்லாம் கத்திக் கத்திப் பேசுவீங்க" என்றார் பாய். "இஞ்சின மாத்திட்டீங்க. தொண்டைய மாத்தலியே."

உண்மை. கொசுச் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டைகள், கொசு போன பிறகும் அதே உயரத்தில் கத்திக்கொண்டிருந்தன. கடந்த சில வாரங்களாக அந்த மரத்தடியில் யார் யாரைப் பற்றி என்னென்ன பேசினோம் என்று ஒவ்வொருவரும் நினைத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு முகமாக வெளிறியது.

கெடு நாள் வந்தது. என்சிக் ஹாலிமும் மிஸ்ஸியும் வந்தார்கள். கிளப் உறுப்பினர்கள் பரீட்சை மண்டபத்தில் நிற்பதுபோல் நின்றார்கள். துரைராஜின் பெரிய விமானத்தை நான் பிடித்துக்கொண்டேன், இஞ்சின் முதல் சுழற்றலிலேயே பிடித்தது. அப்படி ஒரு ஓட்டத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. குறைந்த வேகத்தில், ஒரு தடங்கல் இல்லாமல், பூனை உறுமுவதுபோல் நிதானமாக ஓடியது.

"மச்சாம் மானா, மிஸ்ஸி?" என்றார் என்சிக் ஹாலிம். எப்படி இருக்கிறது என்று கேட்கிறார்.

மிஸ்ஸி இஞ்சினைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "துரைராஜ்ங்கிறது யாரு?" என்றார்.

துரைராஜ் தன் ஆயுளில் முதல் தடவையாக, பேசாமல் கையை மட்டும் தூக்கினார்.

"நீங்கதானா? உங்க கொழுந்தியா வீட்டு சாம்பார்ல இருந்து எல்லாம் கேக்குது எங்களுக்கு. மேனேஜர் கெடெகுட், புல்லு வெட்டவே ஆள் அனுப்ப மாட்டேங்கிறாருன்னு சொன்னது யாரு?"

என்சிக் ஹாலிமுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கெடெகுட் என்பது கஞ்சனுக்கு மலாய்ச் சொல். அதுவரை இஞ்சினைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவர் மெல்லத் திரும்பினார். திடல் போய்விட்டது என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

"அது கெடக்கட்டும்" என்றார் மிஸ்ஸி. "போன வாரம் ஒரு கல்யாணக் கதை சொன்னீங்க. மாப்பிள்ள சிங்கப்பூர்ல நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வர்றாரு, கோஸ்வே பாலத்துல ஜாம், தாலி கட்டற மோர்த்தத்துக்கு நேரமாச்சி, யாரோ ஒருத்தன் மோட்டார் சைக்கிள்ல ஏத்திக்கிட்டான். சரியா அந்த நேரம் பாத்து இஞ்சினப் போட்டுட்டீங்க. என் வீட்டுக்காரர் ஒரு வாரமா ஜன்னலையே பாத்துக்கிட்டு இருக்காருங்க. சோறு ஊட்டுனா வாயத் தொறக்க மாட்டேங்கிறாரு, ஜன்னலக் காட்டறாரு. அதுக்கப்புறம் என்னாச்சி? தாலி கட்டுனாரா இல்லியா?"

துரைராஜ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வேலியைச் சுற்றி நடந்தார். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். ஜன்னலுக்கு உள்ளே மெலிந்த மனிதர் ஒருவர், ஒரு பக்கம் முகம் தளர்ந்து, தலையணையில் சாய்ந்திருந்தார். கண்கள் மட்டும் துரைராஜ் மேல் இருந்தன.

நான் மட்டும் விமானத்தோடு திடலில் நின்றுகொண்டிருந்தேன்; அங்கிருந்தே ஜன்னல் தெரிந்தது. என் கையில் இஞ்சின் அருமையாக ஓடிக்கொண்டிருந்தது. துரைராஜ் வாயைத் திறப்பது தெரிந்தது. சொல் கேட்கவில்லை. அதை நிற்காமல் ஓட வைக்க எத்தனையோ வாரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எரிபொருள் குழாயை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்தேன். இஞ்சின் நின்றது. விமானத்தைப் புல்லில் வைத்துவிட்டு வேலிப்பக்கம் ஓடினேன்.

"மாப்பிள்ள மண்டபத்துக்குள்ள நுழையறப்ப மோர்த்தம் முடிஞ்சி அரை மணி நேரம் ஆச்சிண்ணே" என்று சொல்லிக்கொண்டிருந்தார் துரைராஜ். "ஆனா மண்டபத்துக் கடிகாரத்துல இன்னும் நேரம் இருக்கு. ஏன்? பொண்ணு பட்டுச் சேலையோட நாற்காலி மேல ஏறி, கடிகாரத்தப் பின்னாடி தள்ளி வச்சிருச்சி. ஐயர் அதப் பாத்துட்டு மேளத்த அடிக்கச் சொல்லிட்டாரு. தாலி கட்டியாச்சி!"

படுக்கையில் இருந்தவர் மூச்சை இழுத்தார். வாய் கோணியது. தொண்டை ஏறி இறங்கியது. இரண்டு முறை முயன்று, மூன்றாம் முறை வந்தது.

"பு... புளுகு."

மிஸ்ஸி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் இருந்து வந்ததில் இருந்து தண்ணி, வேணாம் என்ற இரண்டைத் தவிர அந்த வாயில் இருந்து ஒரு சொல் வந்ததில்லையாம். வார்டையே கண்ணசைவில் அடக்கியவர், எங்கள் எல்லார் முன்னாலும் விசும்பி அழுதார். எனக்கும் கண் கலங்கியது. என்சிக் ஹாலிம், ஒரு சொல்லும் புரியாமல், தன் கைக்குட்டையை எடுத்து மிஸ்ஸியிடம் நீட்டினார்.

கம்பி நாரை நேருக்கு நேர் பார்த்தும் ஒப்புக்கொள்ளாத துரைராஜ், ஜன்னல் கட்டையில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னார்: "ஆமாண்ணே. அது புளுகுதான். நெசமா என்ன நடந்துச்சின்னு சொல்லட்டா?"

உள்ளே ஒரு விரல் அசைந்தது. சொல் என்று அர்த்தம்.

என்சிக் ஹாலிம் எங்கிருந்தோ ஒரு நாற்காலியை இழுத்து வந்து உட்கார்ந்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் புல்லில் உட்கார்ந்தார்கள். திடலைக் காலி செய்வது பற்றி அன்றும் சரி, அதற்குப் பிறகும் சரி, யாரும் பேசவே இல்லை. பாய் மட்டும் என் பக்கம் சாய்ந்து காதோடு சொன்னார்: "இஞ்சினுக்கு எண்ணெய விட்டு மூடி வச்சிட்டு வா, செல்வம். இன்னிக்கு இனிமே அது ஓடாது."